பிரேக் கரகரக்கும் முன்: ஐந்து கருவிகள், ஒரு கணக்கு

பிரேக்கில் சத்தம் வருகிறது என்று காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், பெரும்பாலான பட்டறைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பேடு போச்சு சார். டிஸ்க்லயும் கோடு விழுந்திருக்கு. சேர்த்தே மாத்திடலாம்." பல நேரம் அது சரியான பதில்தான். சில நேரம் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சின்ன ஜல்லிதான் மொத்தக் கரகரப்புக்கும் காரணமாக இருக்கும். இன்னும் சில நேரம் பேடு உண்மையிலேயே தீர்ந்திருக்கும்; ஆனால் அதைத் தின்றது கேலிப்பருக்குள் இறுகிப்போன ஒரு ஸ்லைடு பின். அதைக் கவனிக்காமல் பேடை மட்டும் மாற்றினால் அடுத்த பேடும் அதே வேகத்தில் கரையும்.

ஒரே மாடல் காரில் ஒருவருக்கு 20,000 கிலோமீட்டரில் பேடு தீர்கிறது; இன்னொருவர் 50,000 ஓட்டிவிட்டு இன்னும் மாற்றவில்லை என்கிறார். முதலாமவரிடம் கேட்டால் கம்பெனிப் பேடு மட்டம் என்பார். சர்வீஸ் சென்டரில் கேட்டால் அவர் பிரேக்கை மிதிக்கிற மிதி அப்படி என்பார்கள். இரண்டில் எது உண்மை என்பதைக் கார்க்காரரே வீட்டு வாசலில் கண்டுபிடிக்க முடியுமா? அதற்கென்று விற்கும் ஐந்து கருவிகளை வாங்கிப் பார்த்தேன்: பேடு தடிமன் அளக்கும் கேஜ், டிஜிட்டல் வெர்னியர், போனில் செருகும் எண்டோஸ்கோப் கேமரா, அகச்சிவப்பு வெப்பமானி, பிரேக் ஆயில் சோதிக்கும் பேனா. விலை ஒவ்வொன்றும் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. எல்லாமே ஆன்லைனிலும் டூல்ஸ் கடைகளிலும் பெயர் தெரியாத முத்திரைகளில் கிடைக்கும் ரகம்தான்.

சோதனைக்கு மூன்று வண்டிகள். சேலத்தில் நான் ஓட்டும் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். மைத்துனரின் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி. நண்பர் ஒருவரின் எலெக்ட்ரிக் கார். மூன்றிலும் மைத்துனர் வண்டிதான் நோயாளி: முன்பக்கம் ஒரு முறை பேடு மாற்றியாகிவிட்டது, மறுபடியும் கரகரப்பு தொடங்கியிருந்தது.

முதலில் காது

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் சத்தத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. பிரேக்கில் வருவது எல்லாம் ஒரே சத்தமல்ல.

மழைக்கு மறுநாளோ வாட்டர் வாஷ் செய்த மறுநாளோ காலையில் முதல் சில பிரேக்கில் மட்டும் ஒரு சொரசொரப்பு வந்து தெரு முனைக்குள் மறைந்துவிட்டால், அது டிஸ்க் மேல் படிந்த துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரே இரவில் துருப்பிடிக்கும், நாலு முறை பிரேக் போட்டால் போய்விடும். செலவு எதுவும் இல்லை.

பிரேக்கைத் தொடாமல் போகும்போதும் தகரத்தைச் சுரண்டுவது போல் ஒரு சத்தம் சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்ப வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஜல்லியை. ஜல்லி சிதறிக் கிடக்கும் சாலையில் போய் வந்த பிறகு வருகிறதென்றால் இன்னும் நிச்சயம். வேகம் கூடக்கூட 'ஊ' என்று இரைச்சலாகக் கூடினால் அது பிரேக்கே அல்ல, வீல் பேரிங்காக இருக்கலாம்.

மணலிலோ ஈரத்திலோ அழுத்திப் பிரேக் போடும்போது பெடல் காலை உதைத்துக்கொண்டு கடகடவென்றால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்யும் சத்தம். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம் ஆகிவிட்டதால், பழைய வண்டியிலிருந்து புதியதுக்கு மாறியவர்கள் இதைக் கேட்டு மிரள்வதுண்டு. காலை எடுக்கக் கூடாது. அழுத்தியே பிடிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் சிக்னலில் பிரேக்கை மெல்ல விடும்போது வரும் முனகல், பேடு டிஸ்க்கைப் பிடித்தும் வழுக்கியும் மாறி மாறிப் போவதால் வருவது. எரிச்சலே தவிர ஆபத்தில்லை.

கவலைப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, பிரேக் போடும்போதெல்லாம் கூர்மையான கீச்சு: பேடில் ஒட்டியிருக்கும் சின்ன எஃகு நாக்கு டிஸ்க்கைத் தொடுகிறது. உராய்வுப் பொருள் சுமார் 2 மில்லிமீட்டருக்கு இறங்கும்போது தொடும்படி வைத்த எச்சரிக்கை அது. இரண்டாவது, கனமான கரகரப்பு, பெடலில் அதிர்வோடு. பேடின் உராய்வுப் பொருள் முழுதும் தீர்ந்து பின்தகடு நேராக டிஸ்க்கை அறுக்கிறது. அதற்கு மேல் ஓட்டுவது டிஸ்க்குக்கு மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து.

பலருக்கும் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. அந்த எச்சரிக்கை நாக்கு எல்லாப் பேடிலும் இருப்பதில்லை. பல கார்களில் உள்பக்கப் பேடில் மட்டும் இருக்கும். வெளிப்பேடு முதலில் தீர்ந்தால் கீச்சு வராது, நேராகக் கரகரப்புதான். "ஒரு சத்தமும் வரலைங்க, திடீர்னு அறுக்க ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அளந்து பார்க்க வேண்டிய அவசியம் இங்கேதான் வருகிறது.

பேடு கேஜ்: ஐந்தில் சிறந்தது

சாவிக்கொத்து போல ஒரு வளையத்தில் கோத்த நிறம் நிறமான நாக்குகள். பச்சை என்றால் நிறைய மிச்சம், மஞ்சள் என்றால் கவனி, 3, 2 மில்லிமீட்டர் நாக்குகள் சிவப்பு. பேடின் பக்கவாட்டில் வைத்து, நாக்கின் முனை டிஸ்க்கைத் தொட, அதன் படி பின்தகட்டின் விளிம்பில் உட்காரும் நாக்கு எதுவோ அதுதான் தடிமன். பேட்டரி இல்லை, ஆப் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை.

இதன் பெரிய பலன், பின்தகட்டைச் சேர்த்து எண்ணிவிடாமல் காப்பாற்றுவது. பின்தகடு மட்டுமே சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும். அலாய் வீலின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்து "இன்னும் நல்லாத்தான இருக்கு" என்று சொல்லும்போது கண் பார்ப்பதில் பாதி இரும்பு. புதிய முன்பேடில் உராய்வுப் பொருள் மட்டும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். 3-க்கு வந்துவிட்டால் மாற்ற ஏற்பாடு செய்யலாம். அதற்குக் கீழே போகவிடக் கூடாது.

குறைகள்: வெளிப்பேடை அலாய் வீல் வழியாகவே அளக்க முடிகிறது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் இன்னும் எளிது. உள்பேடை அளக்கச் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். இரும்புச் சக்கரமும் வீல் கேப்பும் உள்ள வண்டியில் இரண்டுக்குமே கழற்ற வேண்டும். மலிவான பிளாஸ்டிக் நாக்குகள் வளைகின்றன. சூடான டிஸ்க்கில் வைத்தால் முனை இளகிவிடும். வண்டி ஆறிய பிறகு அளப்பது நல்லது. பின்சக்கரம் டிரம் என்றால் இதற்கு அங்கே வேலையில்லை.

டிஜிட்டல் வெர்னியர்: பாதி வேலைக்கு மட்டும்

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதை நகத்தால் தடவிப் பார்த்துச் சொல்வது பட்டறை வழக்கம். அதற்குத் தேவையே இல்லை. பெரும்பாலான டிஸ்க்குகளின் விளிம்பிலோ நடுத்தொப்பியிலோ குறைந்தபட்சத் தடிமன் எண்ணாகவே பொறித்திருக்கும், 'மின் டிஹெச்' என்ற ஆங்கில எழுத்துகளோடு. வழக்கமாகப் புதிய டிஸ்க்கின் தடிமனுக்கும் அந்த எண்ணுக்கும் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். டிஸ்க் அந்த எண்ணுக்கு மேல் இருந்தால், கோடு விழுந்திருந்தாலும் லேத்தில் கொடுத்துச் சீவி மறுபடி போடலாம். சீவிய பிறகும் அந்த எண்ணுக்கு மேல் நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சாதாரண வெர்னியரால் இதை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பேடு படும் இடம் தேய, படாத வெளி ஓரம் தேயாமல் வரப்பாக நிற்கும். வெர்னியரின் தட்டைத் தாடைகள் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேய்ந்த டிஸ்க்கைப் புதியது என்று காட்டும். இதற்கென்றே கூர்முனைத் தாடை உள்ள அளவி உண்டு. வீட்டு வழி: ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை டிஸ்க்கின் இருபுறமும் வரப்புக்கு உள்ளே வைத்து, மேலே வெர்னியரைப் பிடித்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுவது. சரியாகவே வருகிறது.

பிரேக் போடும்போது ஸ்டியரிங் ஆடினால் அதற்கு வெர்னியர் உதவாது. அது டிஸ்க்கின் ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தடிமன் மாறுவதால் வருவது. அதற்கு மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் வேண்டும். லேத் பட்டறையில் விட்டுவிடலாம்.

எண்டோஸ்கோப்: காட்டும், அளக்காது

போனில் செருகினால் முனையில் எல்.இ.டி. விளக்குகளோடு ஒரு சின்னக் கேமரா. சக்கரத்தைக் கழற்றாமலே உள்பேடைப் பார்த்துவிடலாம் என்பது விளம்பரம். பார்க்க முடிகிறது, அதில் பொய்யில்லை. ஆனால் கேமராவின் ஃபோகஸ் தூரம் நிலையானது. சில சென்டிமீட்டருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போனால் படம் மங்கல். பிரேக் தூசியின் கறுப்பில் பின்தகடு எங்கே முடிகிறது, பேடு எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதும் பழகிய கண்ணுக்கே வரும். படத்தில் அளவுகோல் இல்லாததால் 3 மில்லிமீட்டரும் 5 மில்லிமீட்டரும் ஒன்றாகவே தெரிகின்றன.

இது உண்மையில் உதவிய இடம் வேறு. ஹேட்ச்பேக்கின் தூசித் தகட்டுக்குள் ஜல்லி இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. கேலிப்பர் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஆயில் கசிவு உண்டா என்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்திருந்தால் பயன்படுத்தலாம். பிரேக்குக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

அகச்சிவப்பு வெப்பமானி: துப்பறியும் கருவி

துப்பாக்கி வடிவில் நீட்டி அழுத்தினால் தொடாமலே வெப்பம் சொல்லும். எதிர்பார்க்காத அளவுக்கு உபயோகப்பட்டது இதுதான். ஆனால் அதன் குணம் தெரிந்து பிடிக்க வேண்டும்.

மலிவு ரகங்கள் எல்லாப் பரப்பும் மங்கலானது என்ற அனுமானத்தில் வேலை செய்கின்றன. பேடு உரசிப் பளபளக்கும் டிஸ்க் முகத்தை நோக்கிப் பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். டிஸ்க்கின் துருப்பிடித்த நடுத்தொப்பியில் பிடித்தால் நம்பத்தகுந்த எண் வரும். சிவப்பு லேசர் புள்ளி குறி பார்க்க மட்டுமே. கருவி அளப்பது அதைச் சுற்றிய ஒரு வட்டத்தை. 12:1 என்று போட்டிருந்தால் 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பிடிக்கும்போது அது 5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைச் சொல்கிறது. எனவே கிட்டே போக வேண்டும்.

சோதனை எளிது. வண்டி குறைந்த சமதளச் சாலையில் சில கிலோமீட்டர் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி, வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, ஓரத்தில் நிறுத்தி உடனே இடது வலது இரண்டையும் பிடிக்க வேண்டும். பிரேக் போடாத வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, கை தாங்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஹேட்ச்பேக்கில் அப்படித்தான் இருந்தது. மைத்துனரின் எஸ்யூவியில் முன் இடது டிஸ்க் முன் வலதைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. காலை எடுத்த பிறகும் அந்தப் பக்கம் பேடு டிஸ்க்கை விடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றிக் கேஜ் வைத்தபோது கதை முழுமையானது. வலது பக்கம் உள்பேடும் வெளிப்பேடும் பச்சையில். இடது பக்கம் வெளிப்பேடு மஞ்சள், உள்பேடு சிவப்பைத் தாண்டி இரும்புக்கு அருகில்.

கொல்லிமலை இறக்கம்: ஒரு கணக்கு

வெப்பமானி கையில் இருக்கும்போது மலை இறங்காமல் விடுவதா? நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலையில் காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே பிரேக்குக்கு என்ன நடக்கிறது என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலே சொல்லிவிடும்.

ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 1.67 லட்சம் ஜூல். அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 1.18 கோடி ஜூல். வகுத்துப் பாருங்கள்: 70 தரம் வருகிறது. ஆக வளைவுக்கு ஒரு முறை 60-லிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்குச் சமம். காற்றும் டயரும் இதில் ஒரு பங்கைத் தின்னும். மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்வதா, பேடு வாங்கிக்கொள்வதா என்பதைத் தீர்மானிப்பது கியர்.

எஸ்யூவிக்கு ஸ்லைடு பின் வேலை (விவரம் பின்னால் வருகிறது) முடிந்து, புதுப் பேடு போட்டு, அது பழகிய பிறகு இறங்கிப் பார்த்தோம். கியரை 'டி'யில் விட்டு மைத்துனர் தன் வழக்கப்படி இறக்கியபோது அடிவாரத்தில் முன் டிஸ்க் 200 டிகிரியைத் தாண்டியிருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் போனாலே பேடு வாசனை. மறுமுறை மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரிலேயே பூட்டி இறக்கியபோது அதில் பாதி அளவில் நின்றது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். கியர் மாற்றும் வேலை மிச்சம் என்று வாங்கியவர்கள் மலையில் மட்டும் அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

பிரேக் ஆயில் பேனா: வேண்டாம்

ஆயில் டப்பாவைத் திறந்து முனையை முக்கினால் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளில் ஈரப்பதம் எவ்வளவு என்று சொல்லுமாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. அதன் விளைவும் பெரிது: டாட் 4 வகைக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்த அளவு 155. டாட் 3-க்கு அவை 205, 140. மலை இறக்கத்தில் டிஸ்க்கின் சூடு கேலிப்பர் வரை போய்ப் பழைய ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். பெடலை மிதித்தால் தரை வரை போகும், வண்டி நிற்காது.

பேனா இதையெல்லாம் அளப்பதில்லை. அது பார்ப்பது ஆயிலில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை மட்டுமே. சேர்மானங்களைப் பொறுத்து ஒவ்வொரு தயாரிப்புக்கும் அது மாறும். அதோடு, சோதிப்பது மேலே டப்பாவில் இருக்கும் ஆயிலை. கொதிக்கப்போவது கீழே கேலிப்பரில் இருப்பது. பெரும்பாலான கையேடுகள் சொல்லும் இரண்டு வருடக் கெடுவை நாட்காட்டியில் குறித்துவைத்து மாற்றுவது இதைவிட நல்ல சோதனை.

அந்த டப்பா காசில்லாத ஒரு கேஜ் என்பதையும் சொல்ல வேண்டும். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். அளவு குறைந்திருக்கிறதே என்று பெட்ரோல் பங்கிலோ பட்டறையிலோ ஊற்றச் சொல்வதற்கு முன் பேடைப் பார்க்க வேண்டும், கசிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஊற்றி நிரப்பிவிட்டால் புதுப் பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ள, மிஞ்சிய ஆயில் வழிந்து பெயின்ட்டை அரிக்கும்.

எண்ணை விட ஜோடி முக்கியம்

ஐந்து கருவிகளையும் வைத்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு இது: பேடு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பது எப்போது மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஏன் தேய்ந்தது என்று சொல்வது, அதன் ஜோடி எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பதுதான். இரண்டு செருப்பும் சேர்ந்து தேய்ந்தால் நடை அதிகம். ஒன்று மட்டும் தேய்ந்தால் நடையில் கோளாறு.

மைத்துனருக்கு முதல் முறை பேடு மாற்றியபோது சர்வீஸ் சென்டரில் சொன்னது: "ஆட்டோமேட்டிக் வண்டி, சிட்டி டிரைவிங். நீங்க பிரேக்கை அதிகம் யூஸ் பண்றீங்க சார்." அது பொதுவாகத் தவறான பேச்சல்ல. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் பிடிமானம் குறைவு. நெரிசலில் பிரேக்குக்கு வேலை அதிகம். ஆனால் கேஜ் காட்டியதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டதற்கு அந்தப் பேச்சில் பதில் இல்லை: "மாமா, மிதிக்கிறது ஒரே பெடல். லெஃப்ட் மட்டும் தேயுதுன்னா என் காலு என்ன பண்ணும்?"

ஒப்பிட வேண்டிய ஜோடிகள் மூன்று.

இடது – வலது. இரண்டும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் ஓட்டும் முறை, பாதை, சுமை அல்லது பேடின் தரம். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பழுது: திரும்பாத பிஸ்டன், இறுகிய ஸ்லைடு பின், உள்ளே வீங்கிய பிரேக் ஹோஸ்.

உள் – வெளி. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் கேலிப்பர் பக்கவாட்டில் நகரும் வகை. பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள்பேடைத் தள்ள, எதிர்வினையில் கேலிப்பர் முழுவதும் நகர்ந்து வெளிப்பேடை இழுக்கும். நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின்கள். ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தாலோ கிரீஸ் காய்ந்தாலோ அவை இறுகும். உள்ளும் வெளியும் வெவ்வேறாகத் தேயும். ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் இரண்டில் ஒரு பின் மட்டும் சிக்கியிருக்கிறது. எஸ்யூவியில் எங்கள் தெருப் பட்டறை மெக்கானிக் பின்னை உருவியபோது உறையில் காய்ந்த களிம்புதான் இருந்தது. சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் போட்டார். சாதாரண வீல் பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும் என்று அவரே சொன்னார். பேடு விலையோடு ஒப்பிட்டால் இந்த வேலைக்கு ஆன செலவு சொற்பம்.

முன் – பின். வேகம் குறையும்போது எடை முன்னுக்குச் சாயும் என்பதால் முன்பேடுதான் பொதுவாக முதலில் தீரும். இது தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2008-இல் வந்த ஹோண்டா அக்கார்டில் பின்பேடுகள் மிகச் சீக்கிரம் தேய்கின்றன என்று ஏராளமான உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். பிரேக் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடுவதிலேயே கோளாறு என்பது அவர்கள் வாதம். வழக்கு கூட்டாகப் போய், மாற்றிய செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் உடன்பாட்டில் முடிந்தது. ஒருவர் தனியாகச் சொன்னால் 'ஓட்டுற விதம்' என்று முடிந்திருக்கும். எல்லோரிடமும் ஒரே அச்சில் ஒரே மாதிரி தேய்ந்ததால் அது வடிவமைப்புக் கேள்வி ஆனது. இன்றைய கார்களில் மின்னணுக் கட்டுப்பாடு பின்பிரேக்குக்கு வேலையைக் கூட்டிக் கொடுப்பதால் பின்பேடு முந்துவது மட்டுமே பழுதுக்கு அடையாளம் ஆகிவிடாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

எலெக்ட்ரிக் காரில் தலைகீழ்

நண்பரின் எலெக்ட்ரிக் காரில் பேடுகள் ஏறக்குறைய புதிதாகவே இருந்தன. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. ஆனாலும் கரகரப்பு உண்டு. அது தேய்மானத்தால் அல்ல, பயன்படுத்தாததால்: டிஸ்க்கின் துரு உரசிப் போக வாய்ப்பே இல்லை, ஸ்லைடு பின்னும் அசையாமல் இறுகுகிறது. ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3, ஐடி.4 எலெக்ட்ரிக் கார்களில் பின்னால் டிஸ்க்கை விட்டுவிட்டு மூடிய டிரம்முக்குத் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து அவ்வப்போது நன்றாகவே அழுத்திப் பிரேக் போட வேண்டும். ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் முதல்முறையாகப் பிரேக் தூசிக்கு வரம்பு வைக்கின்றன: கிலோமீட்டருக்குப் பொதுவாக 7 மில்லிகிராம், முழு எலெக்ட்ரிக் கார்களுக்கு 3. பேடு தேய்வது பணப்பைக்கு மட்டுமான கணக்கு இல்லை என்று சட்டமும் ஒப்புக்கொண்டுவிட்டது.

எதை வாங்கலாம்?

பேடு கேஜ்: கார் வைத்திருக்கும் எல்லோரும் வாங்கலாம். அகச்சிவப்பு வெப்பமானி: ஒரு முறைக்கு மேல் சீக்கிரம் பேடு தீர்ந்தவர்களும் மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்களும் வாங்கலாம். வெர்னியர்: டிஸ்க் மாற்றச் சொல்லும்போது ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும். எண்டோஸ்கோப்: இருந்தால் நல்லது. ஆயில் பேனா: காசுக்குக் கேடு.

சக்கரத்தைக் கழற்றுகிறவர்கள் சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்க வேண்டும். பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இல்லாவிட்டாலும் அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியே போதும். கழற்ற மனமில்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி: டயர் மாற்றிப்போட வண்டியைக் கொடுக்கும்போது எப்படியும் சக்கரங்கள் கழன்றுதான் இருக்கும். அப்போது கேஜோடு பக்கத்தில் நின்று அளந்து, தேதியும் கிலோமீட்டரும் போட்டு சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பேடு மாற்றினால் ஓர் அச்சின் இருபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பட்டறையிலிருந்து கிளம்பும் முன் பெடலைச் சில முறை மிதித்து இறுக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு காலியான சாலையில் 60-லிருந்து 15, 20 வரை மிதமாக வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பேடை டிஸ்க்குக்குப் பழக்க வேண்டும். முதல் நாளே அவசரப் பிரேக் போட்டுப் பார்ப்பது பேடின் முகத்தைக் கருக்கிவிடும்.

எழுதிவைத்த எண்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பேடு தேய்மானப் பொருள் என்று வாரண்டியில் பெரும்பாலும் சேராது. ஆனால் இறுகிய கேலிப்பர் பழுது. வாரண்டிக் காலத்துக்குள் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கம்பெனிக்காரர்கள். "சீக்கிரம் தேயுது" என்று போய் நின்றால் உங்கள் காலைக் கை காட்டுவார்கள். "வலது 8, இடது 2, பிரேக் போடாமல் ஓட்டினாலும் இடது பக்கம் சுடுகிறது" என்று எழுதிக் கொடுங்கள். கேலிப்பரைக் கழற்றிப் பார்க்காமல் அந்தப் புகாரை அவர்களால் மூட முடியாது.